டிங்கி இல்லை என்றால் போதுமா?

நம் நாட்டில் காய்ச்சல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது டிங்கிதான். இரண்டு நாள் உடம்பு கொதித்தால் வீட்டில் பெரியவர்கள் பப்பாளி இலை தேடத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுப்போம். "டிங்கி இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று டாக்டர் சொன்னதும் பாதி நோய் அங்கேயே குணமானதுபோல் இருக்கும். பனடோல், இரண்டு நாள் எம்.சி, அதோடு கதை முடிந்தது.

பெரும்பாலும் கதை உண்மையாகவே அங்கே முடிந்துவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் அது தொடக்கமாக இருக்கிறது. எச்.ஐ.வி கிருமி உடலுக்குள் நுழைந்த முதல் சில வாரங்களில் வரும் காய்ச்சலும் இப்படித்தான் வரும், இப்படித்தான் போகும். போன பிறகு பல ஆண்டுகள் எந்தச் சத்தமும் இருக்காது. அந்த மௌனமான ஆண்டுகளில் கிருமி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

நான் மருத்துவம் படிக்கும் மாணவி அல்ல. ஆனால், விடுதியில் தங்கிப் படிக்கும் யாருக்கும் இந்த விஷயம் தூரத்து விஷயம் அல்ல. சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் விவரங்களில் புதிதாகத் தொற்று கண்டவர்களில் பெரும்பாலோர் 20 முதல் 39 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது நானும் என் வகுப்புத் தோழர்களும் இப்போதுதான் காலடி எடுத்துவைத்திருக்கும் வயது. ஆகவே, எச்.ஐ.வி-யின் ஆரம்ப அறிகுறிகள் எவை, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதை இந்தப் பக்கத்தில் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். என் அம்மாவும் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதல் வாரங்களில் உடல் சொல்வது

கிருமி நுழைந்து பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்குள் உடல் அதை எதிர்த்துப் போராடத் தொடங்குகிறது. காய்ச்சல் வரும். தொண்டை வலிக்கும். தலைவலி, உடம்புவலி, மூட்டுவலி, எழுந்து நிற்கவே முடியாத அசதி ஆகியவை சேர்ந்து வரலாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டும். மார்பிலும் முதுகிலும் முகத்திலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றலாம். பெரும்பாலும் அவை அரிப்பதில்லை. சிலருக்கு வாய்ப்புண், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை. சில நாள்களிலிருந்து இரண்டு மூன்று வாரங்கள் வரை இவை நீடித்துவிட்டு, எந்த மருந்தும் இல்லாமல் தாமாகவே மறைந்துவிடும்.

இந்தப் பட்டியலை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இதில் டிங்கிக்கு இல்லாதது எது? டிங்கியிலும் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி உண்டு. டிங்கியில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைவதுபோல் எச்.ஐ.வி-யின் இந்தத் தொடக்கக் கட்டத்திலும் குறையலாம். இன்ஃபுளுவென்சா, கோவிட், தேர்வு நேரத்தில் தூக்கம் கெட்டு வரும் தொண்டைப் புண் எல்லாமே இதே முகத்தோடுதான் வருகின்றன. மூக்கு ஒழுகலும் தும்மலும் மட்டும் இருந்தால் அது சாதாரணச் சளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சலும் தடிப்பும் நெறியும் வாய்ப்புண்ணும் ஒன்றாக வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அறிகுறி அவ்வளவுதான் சொல்லும். அதற்கு மேல் அதனால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குத்தான் இந்த அறிகுறிகள் ஏதாவது வருகின்றன. மற்றவர்களுக்கு எதுவுமே தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் 'மழையில் நனைந்ததால் வந்தது' என்று கடந்துவிடுவார்கள். ஆனால், ரத்தத்தில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருப்பதும், அடுத்தவருக்கு எளிதாகத் தொற்றுவதும் இந்த முதல் சில வாரங்களில்தான்.

இரண்டு பக்கமும் தவறான பாதை

அறிகுறியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இரண்டு வகையாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் வகையினர் காய்ச்சல் விட்டதும் பயமும் விட்டது என்று இருப்பவர்கள். 'அப்படி ஏதாவது இருந்தால் தானாகச் சரியாகுமா?' என்பது அவர்களின் கணக்கு. எச்.ஐ.வி-யில் இந்தக் கணக்கு செல்லாது. காய்ச்சல் தணிவது கிருமி போய்விட்டதால் அல்ல. அதன் பிறகு அது ஓசையில்லாமல் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தின்னத் தொடங்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால், எய்ட்ஸ் என்ற கடைசிக் கட்டம் வர எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை அவர் படிப்பார், வேலைக்குப் போவார், பந்து விளையாடுவார், கல்யாணமும் செய்துகொள்வார்.

இரண்டாம் வகையினர் உடம்பில் எது தோன்றினாலும் அதுதான் என்று நடுங்குபவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இந்த வகையைச் சேர்ந்தவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மார்பில் சில தடிப்புகள். டிங்கி இல்லை என்று தெரிந்தாயிற்று. இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஒரு படமும் ஒரே ஒரு வரியும் வந்தன: "இது அதுவா இருக்குமா?" நோயின் பெயரைக்கூட எழுதவில்லை. இரண்டு வாரமாக அவர் தூங்கவில்லை, வகுப்புக்கு வரவில்லை, கைப்பேசியில் தடிப்புகளின் படங்களைத் தேடித் தேடித் தன் உடம்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இறுதியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். முகப்பில் இருந்தவர் என்ன பரிசோதனை என்று கேட்டார். இவர் மெல்லச் சொன்னார். "என்ன? சத்தமா சொல்லுங்க" என்று பதில் வந்தது. பின்னால் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். வேறோர் இடத்தில் பரிசோதனை செய்துகொள்ள அவருக்கு மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. முடிவு, தொற்று இல்லை. நல்ல செய்திதான். ஆனால், உண்மையாகவே தொற்று இருந்த ஒருவர் அதே முகப்பிலிருந்து அப்படித் திரும்பியிருந்தால், அந்த ஐந்து வாரத்தின் விலை என்ன?

உடம்பைக் கேட்காதீர்கள், நாட்காட்டியைக் கேளுங்கள்

அந்தத் தோழருக்கு உதவுவதற்காகப் படிக்கத் தொடங்கியபோது எனக்குத் தெளிவான முதல் விஷயம் இதுதான்: எச்.ஐ.வி-யைப் பொறுத்தவரை தடிப்பைவிட நாட்காட்டி நம்பகமானது. 'எனக்கு என்ன அறிகுறி?' என்ற கேள்விக்கு முன்னால் 'கடந்த சில வாரங்களில் கிருமி நுழைய வழி இருந்ததா?' என்ற கேள்வி வர வேண்டும்.

வழிகள் குறைவு. ஆணுறை இல்லாத பாலுறவு. பிறர் பயன்படுத்திய ஊசி; இதில் போதை ஊசியும் சேரும், சுத்தம் செய்யாத கருவியால் பச்சை குத்துவதும் சேரும். தொற்றுள்ள தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு. முக்கியமான வழிகள் இவைதான். ஒரே தட்டில் சாப்பிடுவதால் தொற்றாது. விடுதிக் கழிப்பறை, நீச்சல் குளம், கட்டிப்பிடித்தல், இருமல், எதனாலும் தொற்றாது. டிங்கியைக் கொண்டுவரும் கொசுவாலும் எச்.ஐ.வி-யைக் கொண்டுவர முடியாது.

மலேசியாவில் வழிகளின் வரலாறும் மாறியிருக்கிறது. 1986-ல் இங்கே முதல் தொற்று கண்டறியப்பட்டது. 2002-ல் ஒரே ஆண்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அன்று அவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி போதை ஊசியால் வந்தவை. 2005-ல் மெத்தடோன் சிகிச்சையும் 2006-ல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கிய பிறகு அந்த வழி பெருமளவு அடைபட்டது. இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 புதிய தொற்றுகள். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பாலுறவு வழியே வருபவை. 'ஊசி போடுகிறவர்களுக்கு வரும் நோய்' என்று நம் பெற்றோர் கேள்விப்பட்டது அவர்கள் காலத்தில் உண்மை. நம் காலத்தில் அது பழைய செய்தி.

வழி இருந்தது என்று நாட்காட்டி சொன்னால் அடுத்த கணக்கு நாள்களில்தான் இருக்கிறது.

72 மணி நேரம் கடக்கவில்லை என்றால், அறிகுறிக்காகவும் பரிசோதனைக்காகவும் காத்திருக்கக் கூடாது. தொற்று வேரூன்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதை 28 நாள்கள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ எச்.ஐ.வி சிகிச்சை தெரிந்த டாக்டரிடமோ அன்றே கேளுங்கள். விருப்பமில்லாமல் பலாத்காரத்துக்கு உள்ளானவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் பரிசோதனை. அதுவும் மறுநாளே எடுத்தால் ஒன்றும் காட்டாது. கிருமி நுழைவதற்கும் பரிசோதனையில் தெரிவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையில் 18 முதல் 45 நாள்களுக்குள் தெரியும். விரல் நுனி ரத்தத்திலோ வாய் நீரிலோ எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள்கள்வரை பிடிக்கும். கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாள்களில் காட்டிவிடும். செலவு அதிகம் என்பதால் அதை எல்லாருக்கும் செய்வதில்லை. ஆகவே, காய்ச்சலோடு போய் எடுத்த முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், டாக்டர் சொல்லும் நாளில் மறுபடியும் எடுத்தால்தான் அந்த 'இல்லை' உறுதியான 'இல்லை'. அதுவரை ஆணுறை இல்லாமல் யாருடனும் உறவு வேண்டாம்.

ரத்ததான முகாம் பரிசோதனைக் கூடம் அல்ல

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ரத்ததான முகாம்கள் அடிக்கடி நடக்கும். நல்ல காரியம். ஆனால், 'ரத்தம் கொடுத்தால் எப்படியும் சோதிப்பார்கள், ஏதாவது இருந்தால் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்' என்ற நினைப்போடு சிலர் அங்கே போகிறார்கள். கிளினிக் முகப்பில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது சுலபமான வழியாகத் தெரிகிறது.

மேலே சொன்ன இடைவெளியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அந்த நாள்களில் கொடுத்த ரத்தம் பரிசோதனையில் தப்பிப்போகக்கூடும். அது ஒரு விபத்துக்காரருக்கோ தலசீமியா உள்ள ஒரு குழந்தைக்கோ போகும். முகாமில் கொடுக்கும் கேள்வித்தாளில் உள்ள ஒவ்வொரு கேள்வியும் இதற்காகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருக்கும் நாளில் ரத்தம் கொடுக்காமல் இருப்பதே பெரிய தானம்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன லாபம்?

'இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தெரியாமல் இருப்பதே நிம்மதி' என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு மருந்து இல்லாத காலத்துக்குச் சொந்தமானது.

நம் உடலின் எதிர்ப்புப் படையில் சிடி4 என்று ஒரு வகை அணுக்கள் உண்டு. நலமாக உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி குறிவைப்பது இவற்றைத்தான். எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் அது எய்ட்ஸ் கட்டம். காசநோய், நிமோனியா போன்றவை தாக்கும்போது உடலால் தாங்க முடியாது. எச்.ஐ.வி வேறு, எய்ட்ஸ் வேறு. முதலாவது கிருமி. இரண்டாவது, அந்தக் கிருமியை நீண்ட காலம் கவனிக்காமல் விட்டதன் விளைவு.

இன்று பலருக்கும் சிகிச்சை என்பது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. கிருமியை முழுவதும் ஒழிக்காது. ஆனால் அடக்கி வைக்கும். 2015-ல் வெளியான 'ஸ்டார்ட்' என்ற பன்னாட்டு ஆய்வு, எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருந்து மருந்து தொடங்குவதைவிட, தொற்று தெரிந்ததும் தொடங்குவதே கடும் நோயையும் மரணத்தையும் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. அதன் பிறகு, தொற்று உறுதியான எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சீக்கிரம் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர், மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுளை எதிர்பார்க்கலாம்.

இன்னும் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவின் மூலம் அது அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்று இல்லாமலும் இருந்த 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வில், ஆணுறை இல்லாத உறவு இருந்தும், சிகிச்சையில் உள்ளவரிடமிருந்து இணைக்குத் தொற்றிய சம்பவம் ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் ஆண் பெண் இணைகளிடம் நடந்த ஆய்விலும் இதே முடிவுதான். தன் நிலையை அறிந்து மருந்து சாப்பிடுபவரைக் கண்டு ஒதுங்குகிறோம். பரிசோதனையே செய்யாதவரைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. பயத்தை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

பார்த்தால் தெரியாது

'ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் வாக்கியம். பார்த்தால் தெரியாது என்பதை ஒரு தமிழ் மாணவியின் ஆய்வே நிரூபித்திருக்கிறது. மலேசியாவில் முதல் தொற்று தெரிந்த அதே 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பிய காலம் அது. மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்பது முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். அந்தப் பெண்கள் எய்ட்ஸ் அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்ல. அறிகுறிக்காகக் காத்திருந்தால் அந்த உண்மை இன்னும் சில ஆண்டுகள் மறைந்தே இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு அருமையான சான்று உண்டு. 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மார்களுக்கு எச்.ஐ.வி பரிசோதனை செய்யப்படுகிறது. அவர்களிடம் அறிகுறி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. குடும்பம் எப்படி, குணம் எப்படி என்றும் விசாரிப்பதில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் இதையும் பார்க்கிறார்கள். தொற்று தெரிந்தால் உடனே மருந்து, குழந்தை தப்பித்துவிடுகிறது. இதன் பலனாக, 2018-ல் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி-யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நாம்தான்.

நம் அம்மாக்களும் அக்காக்களும் தலைகுனியாமல் செய்துகொண்ட அதே பரிசோதனைதான் இது. எல்லாருக்கும் செய்யும்போது அதில் வெட்கம் இல்லை. ஒருவர் மட்டும் தனியாகப் போய்க் கேட்கும்போதுதான் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படியானால் மாற வேண்டியது அந்த ஒருவர் அல்ல. அவரைத் தனியாக நிற்க வைக்கும் நம் வழக்கம்.

வீட்டில் பேசும் தமிழ்

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். எச்.ஐ.வி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்தவை. தமிழில் நான் கேட்ட ஒரே சொல் 'ஆட்கொல்லி நோய்'. இன்றும் சில மேடைகளில் அந்தச் சொல் ஒலிக்கிறது. மருந்து இல்லாத காலத்தில் அது எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். மருந்து வந்த பிறகு அது பூட்டுப் போட்ட கதவாகிவிட்டது. ஆளைக் கொல்லும் நோய் இருக்கிறதா என்று பார்க்க யார்தான் கிளினிக்குக்குப் போவார்கள்? 'எச்.ஐ.வி தொற்று' என்று நேராகச் சொன்னால் போதும்.

இப்படிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற கவலை பல பெற்றோருக்கு உண்டு. அந்தக் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. அது அக்கறையில் பிறந்தது. ஆனால், டிங்கியைப் பற்றிப் பேசுவதால் யாரும் கொசு வளர்ப்பதில்லை. திருமணம்வரை காத்திருப்பேன் என்ற பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மணக்கப்போகிறவரின் கடந்த காலம் அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. நம் நாட்டில் முஸ்லிம் இணைகளுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம். 2001-ல் ஜொகூரில் தொடங்கிய நடைமுறை அது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போய் வரும் பதினோராவது பொருத்தத்தையும் நாமாகவே சேர்த்துக்கொண்டால் என்ன?

இனி செய்ய வேண்டியது

அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம். பெயர் சொல்லாமல், எண்ணை மட்டும் வைத்துச் செய்துகொள்ளும் வசதியும் உண்டு. 18 வயது நிறைந்தவர் தாமே ஒப்புதல் கொடுக்கலாம். தொற்று உறுதியானால், 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி டாக்டர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பார். அது சிகிச்சைக்காகவும் பரவலைத் தடுப்பதற்காகவும். வீட்டுக்கோ விடுதித் தலைவருக்கோ கடிதம் அனுப்புவதற்காக அல்ல. ஆபத்து தொடர்ந்து இருப்பவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் 2023 முதல் சில அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கிறது. 1992 முதல் இயங்கிவரும் மலேசிய எய்ட்ஸ் மன்றமும் அதன் உறுப்பு அமைப்புகளும் வழிகாட்டத் தயாராக இருக்கின்றன.

கிளினிக்குகளிடம் ஒரு வேண்டுகோள். முகப்பில் ஒரு சிறிய அட்டையை வையுங்கள். வருகிறவர் வாய் திறக்காமல் விரலால் தொட்டுக் காட்டினால் போதும் என்று இருக்கட்டும். இதற்கு எந்தச் செலவும் இல்லை. காய்ச்சலோடு வரும் இளையரிடம் டிங்கி இல்லை என்று சொல்லும் டாக்டர், கதவைச் சாத்திவிட்டு இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அதுவே பெரிய உதவி. பல்கலைக்கழக நிர்வாகங்கள், புதிய மாணவர்களுக்கான மருத்துவச் சோதனையோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை விரும்பும் எல்லா மாணவர்களுக்கும் இந்தப் பரிசோதனையை வளாகத்திலேயே நடத்தலாம். நம் தமிழ் மாணவர் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கும் கலை இரவுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். தமிழில் கேள்வி கேட்கவும் தமிழில் பதில் சொல்லவும் ஒரு டாக்டரை அழைத்து வரலாம்.

ஒரு நண்பர் உங்களிடம் வந்து தயங்கித் தயங்கி இதைப் பற்றிக் கேட்டால், 'யாரோடு? எப்போது?' என்று விசாரணை நடத்தாதீர்கள். 'சும்மா பயப்படாதே, ஒன்றும் இருக்காது' என்றும் சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேளுங்கள். மூன்று நாளுக்குள் என்றால் அப்போதே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு மேல் என்றால் பரிசோதனைக்குச் சரியான நாளைச் சேர்ந்து குறித்துக்கொண்டு, அன்று அவரோடு வரிசையில் உட்காருங்கள். முடிந்தால் நீங்களும் உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள். இருவராகப் போனால் எந்த முகப்பிலும் குரல் இறங்காது.